மங்கா ஓவியருடன் சேர்ந்து கதைமாந்தருக்கு வண்ணம் தீட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் முப்பது ஆண்டுகளாகத் தூரிகையை நம்பிப் பிழைத்து வருகிறேன். முன்பாதி சுவர் விளம்பரம், சினிமா பேனர் என்று போயிற்று. ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை மூட்டை கட்டவைத்த பிறகு நீர்வண்ணமே எனக்குச் சோறு போடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் குடியாத்தத்திலிருந்து மங்கா எனும் ஜப்பானிய பாணிச் சித்திரக்கதை வரையும் இளம்பெண் ஒருவர் என் பட்டறைக்கு வந்து, தம் கதைமாந்தருக்கு வண்ணம் தீட்டித் தர முடியுமா என்று கேட்டார். அன்று தொடங்கிய கூட்டுவேலை இன்றும் நடக்கிறது. கதையின் நாயகி வேம்பு, ஆரணிப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றில் வேஷம் கட்டுபவரின் மகள். அவளோடு சுற்றும் குட்டி யாளி, வேலூர்க் கோட்டை அகழியில் குடியிருக்கிறது. படங்களைப் பார்த்த ஓவிய மாணவர்களும் என்னைப் போன்ற பழைய பெயிண்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

"மங்கா" என்பதா, "மாங்கா" என்பதா?

ஜப்பானியர் உச்சரிப்பில் முதலெழுத்து குறில் என்பதால் "மங்கா" என்பதே நெருக்கமானது. "மாங்கா" என்று எழுதுவோரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் உப்பும் மிளகாய்த்தூளும் எங்கே என்று கேட்பார்கள். சொல் பழையதுதான். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் தம் கோட்டுச் சித்திரங்களைத் தொகுத்து 1814இல் முதல் பகுதியை வெளியிட்டபோதே அதன் தலைப்பில் இச்சொல் இருந்தது.

மங்கா கறுப்பு வெள்ளையில் வருவது. அதில் பெயிண்டருக்கு என்ன வேலை?

ஜப்பானிய வார இதழ்களில் பெரும்பாலான பக்கங்கள் சொரசொரப்பான மலிவுத் தாளில் ஒற்றை மையில் அச்சாகின்றன என்பது உண்மைதான். ஆனால் அட்டை, இதழின் தொடக்கப் பக்கங்கள், தொகுப்பு நூலின் மேலுறை ஆகியவற்றுக்கு வண்ணம் வேண்டும். வாசகர் ஒரு கதைமாந்தரை முதலில் சந்திப்பது பெரும்பாலும் அங்கேதான். அதற்காகத்தான் அந்தப் பெண் என்னை அழைத்தார்.

வேலையில் இறங்கிய பிறகுதான் வண்ணத்தின் இன்னொரு பயன் எங்கள் இருவருக்குமே புரிந்தது. வேம்பின் பாவாடை அரக்கு நிறம் என்று நான் தீட்டிக் காட்டிய பிறகு, கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் அது அடர்ந்த சாம்பலாக வந்தே ஆக வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது. மஞ்சள் தாவணி வெறும் தாளாகவே நிற்கலாம். அதுவரை பக்கத்துக்குப் பக்கம் பாவாடையின் கருமை மாறிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. வண்ணப்படம் அச்சுக்குப் போகாவிட்டாலும், எது இருட்டு எது வெளிச்சம் என்ற கணக்கு அதில்தான் தீர்கிறது.

கதைமாந்தரின் தோற்றத்தை முடிவு செய்வது யார்?

மங்கா ஓவியர்தான். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

தெருக்கூத்தில் கட்டை வேஷத்துக்குக் கிரீடம், தோளின் மேல் சிறகு போல எழும் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் உண்டு. மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் பதித்தவை. வேம்பு தன் தந்தையின் வேஷத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்க்கும் காட்சிக்கு நான் தீட்டிய முதல் படத்தில் அந்த அணிகளை ஒவ்வொரு கண்ணாடியும் மின்ன, இரண்டு வாரம் உட்கார்ந்து முடித்தேன். பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். அவர் மட்டும் படத்தின் மேல் விரலை வைத்து எண்ணத் தொடங்கினார்.

"அண்ணா, இதுல முப்பத்தெட்டு கண்ணாடி இருக்குது. ஒரு பக்கத்துல இவ ஏழு வாட்டி வர்றா. நான் சோறு துன்றதா, வாணாமா?"

முப்பத்தெட்டை ஏழால் பெருக்கினால் இருநூற்று அறுபத்தாறு. நான் ஒரு வேம்பை ஒருமுறை தீட்டிவிட்டு எழுந்துபோய் விடுகிறேன். அவர் அதே வேம்பை ஓடும்போது, அழும்போது, முதுகு காட்டும்போது, நகத்தளவு சிறிதாக எங்கோ தூரத்தில் நிற்கும்போது என ஆயிரம் முறை வரைந்தாக வேண்டும். அவர் கையால் திரும்ப வரைய முடியாத எதையும் நான் சேர்க்கக் கூடாது என்பதே எங்கள் கூட்டின் அடிப்படை. மீதி எல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவை.

கடைசியில் கண்ணாடிகள் ஐந்தாகக் குறைந்தன. ஆனால் புஜகீர்த்தி தோளைத் தாண்டி மேலெழும் அந்த வளைவை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. படத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் அந்த வெளிவடிவத்தை வைத்தே வேஷம் எதுவென்று தெரிந்துவிடும். பேனர் தொழிலில் கற்ற பாடம் அது: காட்பாடி சாலையில் பேருந்தில் போகிறவர் திரும்பிப் பார்க்கும் இரண்டு நொடியில் முகம் யாருடையது என்று தெரியாவிட்டால், அதற்குள் எத்தனை நுணுக்கம் இருந்தும் பயனில்லை. கண்ணாடிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி; வெளிவடிவத்தைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி என்று இன்னமும் சொல்வேன்.

"எத்தனை தலை உயரம்" என்கிறார்களே, அது நம் சிற்ப மரபின் தாலக் கணக்குதானா?

அண்ணன் தம்பி முறை என்று சொல்லலாம். ஆனால் ஒன்றென்று நினைத்து அளந்தால் படம் கோணிவிடும். நானே அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

மங்காவில் உச்சந்தலை முதல் முகவாய் வரை ஒரு தலை. உடலின் முழு உயரம் அதில் எத்தனை மடங்கு என்று கணக்கிடுவார்கள். வேடிக்கைக்காகக் குறுக்கி வரையும் உருவங்கள் இரண்டு அல்லது மூன்று தலை உயரத்தில் நிற்கும்; வளர்ந்தவர்களை ஏழு, எட்டுத் தலை உயரத்தில் வரைவார்கள். சிற்ப சாத்திரத்தின் தாலம் என்பதோ முகத்தின் நீளத்தை ஒட்டிய அளவு. தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பது பொதுக் கணக்கு. பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் மொத்த உயரம் 124 அங்குலம் வரும். இந்த அங்குலம் உருவத்தின் உயரத்தைப் பகுத்துப் பெறுவது. அளவுகோலில் இருக்கும் அங்குலம் இல்லை. மண்டைப் பகுதி தனியாகச் சேர்வதால், பத்துத் தாலச் சிற்பத்தைத் தலைக்கணக்கில் அளந்தால் ஏழு, ஏழரைத் தலைதான் தேறும். கிரீடம் இரண்டு கணக்கிலும் சேராது.

வேம்புக்கு ஆறு தலை. அவள் தந்தைக்கு முதலில் நான் "பத்து" என்று எழுதிக் கொடுத்தேன். தாலத்தை மனத்தில் வைத்து எழுதியது. அவர் அதைத் தலை என்று எடுத்துக்கொண்டு வரைந்து அனுப்ப, பனைமரத்துக்கு வேட்டி கட்டியது போல ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். பிறகு ஏழரைத் தலை என்று திருத்திக்கொண்டோம். குட்டி யாளிக்கு மூன்று தலை, அதிலும் பாதி பிடரிமயிர்.

கோடும் வண்ணமும் ஒரே தாளில்தான் இருக்குமா?

இல்லை, தனித்தனித் தாள்கள். ஜப்பானில் தொழில்முறை மங்கா ஓவியர்கள் பி4 அளவுத் தாளில், 180க்கு 270 மில்லிமீட்டர் உட்சட்டம் வைத்து வரைகிறார்கள். இங்கே கடைகளில் அந்தத் தாள் எளிதில் அகப்படாது. ஏ3 தாளை வெட்டிக்கொள்கிறோம். அவர் ஜி பேனா எனப்படும் அழுத்தத்துக்கேற்ப விரியும் நிப்பைக் கொண்டு மையிட்டு, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, சாம்பல் நிறம் எதுவும் இல்லாத தூய கறுப்புக் கோடாக மாற்றி அனுப்புவார். நான் நீர்வண்ணத் தாளில் வண்ணத்தை மட்டும் தீட்டி 350 டிபிஐயில் ஸ்கேன் செய்வேன். பிறகு கணினியில் வண்ணத்தின் மேல் கோட்டை, அடியிலுள்ள வண்ணம் மறையாதபடி காட்டும் மல்டிப்ளை முறையில் ஏற்றுவோம்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. முதல் முறை ஏற்றியபோது வேம்பின் கண்மணியிலிருந்த பழுப்பு, கோட்டைத் தாண்டி இமையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உதட்டுச் சிவப்பு முகவாய்ப் பக்கம் இறங்கியிருந்தது. நீர்வண்ணத் தாள் நனைந்தால் விரிகிறது, காய்ந்தால் சுருங்குகிறது, ஆனால் முன்பிருந்த அளவுக்கே திரும்புவதில்லை. ஒளிப்பெட்டியில் வைத்து நான் நகலெடுத்த பென்சில் கோடு தாளோடு நகர்ந்துவிட்டது; அவருடைய மைக்கோடு நகரவில்லை. முழுப்படத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் பிசகு ஒன்றும் தெரியாது. கண்ணில் அது தெரியும்.

இப்போது தாளை முதலில் முழுக்க நனைத்து, பசைத்தாள் நாடாவால் பலகையில் நான்கு புறமும் ஒட்டி, காயவிட்டு இறுகிய பிறகே தீட்டத் தொடங்குகிறேன். நான்கு மூலைகளிலும் கூட்டல் குறி போட்டுக்கொண்டு, கணினியில் ஏற்றும்போது அந்தக் குறிகளைப் பொருத்திச் சரிசெய்கிறோம். அவசர வேலையென்றால் கோட்டை வெளிர் சாம்பலில் லேசர் அச்சாகத் தாளிலேயே எடுத்துக்கொள்வேன். அந்த டோனர் தண்ணீரில் கரையாது. ஆனால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாளை ஜெராக்ஸ் கடை இயந்திரம் பெரும்பாலும் விழுங்க மறுத்துவிடும். 200 ஜிஎஸ்எம் என்றால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

இன்னொன்று: புள்ளி டோன், அதாவது சாம்பல் நிறம் காட்ட ஒட்டும் புள்ளி அச்சிட்ட தாள், போட்ட படத்தைப் பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. புள்ளிகள் மோதி அலையலையாகக் கோலம் விழும். அளவை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

எந்த மை, எந்த வண்ணம்? வேலூர் வெயிலில் நீர்வண்ணம் நிற்குமா?

பவுண்டன் பேனா மைகளில் பெரும்பாலானவை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். நீர்ப்புகாத இந்தியன் இங்க் அல்லது பிக்மென்ட் மை வேண்டும். புட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், ஒரு கோடு போட்டு அரைமணி நேரம் விட்டு ஈரத்தூரிகையால் தடவிப் பாருங்கள். ஆல்கஹால் மார்க்கர் விரும்புவோர் மார்க்கராலும் அதே சோதனையைச் செய்ய வேண்டும்; தண்ணீருக்கு அசையாத மை ஆல்கஹாலுக்குக் கரைவதுண்டு. கோபிக் மார்க்கர் 1987இல் ஜப்பானில் வெளிவந்தபோது நகல் இயந்திரத்தின் டோனரைக் கரைக்காமல் இருப்பதே அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது. பெயரும் "காப்பி" என்பதிலிருந்து வந்ததுதான்.

வெயிலைப் பற்றிக் கேட்பது நியாயம். அக்னி நட்சத்திரத்தில் இங்கே நாற்பது டிகிரியைத் தாண்டும்போது, தூரிகையைத் தட்டில் தோய்த்துத் தாளுக்குக் கொண்டு வருவதற்குள் முந்தைய பூச்சின் ஓரம் காய்ந்து கோடாகிவிடும். வானம், கன்னம் போன்ற மென்மையாகக் கலங்க வேண்டிய இடங்களை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன். பெரிய பரப்பென்றால் தாளை ஒட்டாமல், இருபுறமும் நனைத்துக் கண்ணாடிப் பலகையில் படியவைத்துத் தீட்டுவேன். அடியில் இருக்கும் ஈரம் கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்கும். மின்விசிறிக்கு அந்நேரம் விடுமுறை. எனக்கு இல்லை.

வேம்பைக் கறுப்பாகத் தீட்டியது ஏன்? மங்காவில் எல்லாரும் வெளுப்பாகத்தானே இருக்கிறார்கள்?

கறுப்பு வெள்ளை மங்காவில் தோல் வெள்ளையாக இருப்பதற்கு முதற்காரணம், அங்கே மை படாத தாள் இருக்கிறது என்பதுதான். ஜப்பானிய வாசகர் அதை வெளுத்த தோல் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒன்றும் போடாத இடம் அவருக்கு இயல்பான முகம். நாம் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வண்ணத்துக்கு வரும்போதுதான் சிக்கல். ஆரணிப் பக்கத்துக் களத்துமேட்டில் விடியவிடியக் கூத்து பார்த்து வளர்ந்த பெண்ணுக்குப் பீச் நிறக் கன்னம் எங்கிருந்து வரும்?

அவர் முதலில் தயங்கினார், காரணத்தோடுதான். சமமான சாம்பல் டோனை முகம் முழுக்க ஒட்டினால் தோல் கறுப்பாகத் தெரியாது, அழுக்காகத் தெரியும். கண்ணும் வாயும் அதில் மூழ்கிப்போகும். நான் வண்ணத்தில் தீட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது: கறுத்த தோலில் வெளிச்சம் அகலமாகப் பரவாமல், சிறிதாகவும் கூராகவும் விழுகிறது. கன்னமேடு, மூக்கு நுனி, கீழுதடு, தோள்பட்டை எலும்பு, இந்த இடங்களில் வெளிச்சத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டால் மீதித் தோலை எவ்வளவு அடர்த்தியாக வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அதையே அவர் தம் பக்கங்களுக்கு எடுத்துக்கொண்டார். டோனை ஒட்டிவிட்டு, அதே நான்கைந்து இடங்களில் கத்திமுனையால் புள்ளிகளைச் சுரண்டி எடுக்கிறார்; டோனைச் சுரண்டுவது ஜப்பானிய ஓவியர்களின் பழைய கைவேலைதான்.

வண்ணத்தில் நான் கறுப்பைத் தொடுவதே இல்லை. பர்ன்ட் சியென்னாவும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த பழுப்பு. வெயில் படும் பக்கத்தில் கொஞ்சம் மஞ்சட்காவி. நிழலில் நீலம் கூடுதலாக. கடையில் "ஸ்கின் டோன்" என்ற பெயரில் விற்கும் குழாயை வாங்க வேண்டாம். அது யாருடைய தோல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாக வரைகிறீர்களா?

இல்லை. தமிழ் வாசகருக்காக இடமிருந்து வலமாகத்தான். ஆனால் வரைந்த படத்தை ஒருபோதும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்புவதில்லை. முற்கால ஆங்கிலப் பதிப்புகள் சிலவற்றில் பக்கங்களை அப்படித் திருப்பியதால் வாள்வீரர்கள் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். நமக்கு அதைவிட மோசம்: தாவணி வலது தோளுக்குப் போய்விடும், வேம்பு இடக்கையால் சோறு பிசைவாள். முன், பக்கம், பின் என்று மூன்று நிலைகளைக் காட்டும் உருவத்தாளில் "தாவணி இடத்தோள்" என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். மூன்றாண்டில் இரண்டு முறை அப்படியும் தவறியிருக்கிறது.

எல்லாவற்றையும் கணினியிலேயே செய்துவிடலாமே?

தாராளமாகச் செய்யலாம். கிருத்தா போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எனக்குக் கை பழகியது தண்ணீரில்.

பணமும் உரிமையும் யாருக்கு?

இதைப் பேசாமல் தொடங்கியதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. வேம்பின் படத்தை ஒரு கடைக்காரர் எடுத்துத் திறப்புவிழா ஃபிளெக்ஸில் அச்சடித்துவிட்டார். போய்க் கேட்டபோது, உரிமை உங்களுக்கா அந்தப் பெண்ணுக்கா என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கூலி பெற்றுத் தீட்டிய ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர். பெயிண்டர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். இருவர் உழைப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால்தான் சட்டம் அதைக் கூட்டுப் படைப்பு என்கிறது. எங்கள் வேலையில் கோடு ஒரு தாளிலும் வண்ணம் வேறு தாளிலும் இருப்பதால் யார் எதைச் செய்தார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. தாள் விரிந்து எங்களைப் படுத்தியதற்கு இப்படி ஒரு நன்மை.

எங்கள் ஒப்பந்தம் இரண்டே பக்கம். வேம்பும் யாளியும் அவருடையவை. அசல் வண்ணத்தாள் என்னுடையது; அதை நான் காட்சிக்கு வைக்கலாம், விற்கலாம், ஆனால் அவரைக் கேட்காமல் எதிலும் அச்சிடக் கூடாது. இருவர் பெயரும் ஒரே எழுத்தளவில் வர வேண்டும். படத்துக்குப் பேசிய தொகையில் பாதி முன்பணம்.

கல்லூரி மாணவி நான். எங்கிருந்து தொடங்குவது?

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். முன்கால் தூக்கி நிற்கும் யாளித் தூண்களில் ஒன்றை முதலில் ஒரு மணிநேரம் வரையுங்கள். பிறகு பத்து நிமிடம். பிறகு ஒரு நிமிடம். ஒரு நிமிடப் படத்தில் எது மிஞ்சியிருக்கிறதோ அதைத்தான் மங்கா ஓவியர் கேட்பார். ஒரு மணிநேரப் படத்தைத் தூக்கிப்போட வேண்டாம், அது உங்களுக்கு.

யாளியை ஏன் இன்னும் வண்ணத்தில் காட்டவில்லை?

இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் காரணம். அகழியில் வாழ்வதால் பாசிப்பச்சை என்கிறார் அவர். தூணிலிருந்து இறங்கி வந்ததாகக் கதை சொல்வதால், மழையில் நனைந்த கருங்கல்லின் நீலச்சாம்பல் என்கிறேன் நான். பச்சையைத் தீட்டினால் தவளை போல இருக்கிறது. சாம்பலைத் தீட்டினால் யானைக்குட்டி என்கிறார்கள். பட்டறைச் சுவரில் இப்போது பதினோரு தாள் தொங்குகின்றன. கடைசித் தாளில் உடலைச் சாம்பலாக வைத்து, பிடரியின் அடியில் மட்டும் ஈரப்பச்சை ஏற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.